ஏழு நாள்... ஐம்பது பேர்... ஒரு உப்புக்காத்து ஊர்!

காலேஜ் நோட்டீஸ் போர்டை நின்று படிக்கிற பழக்கம் உங்களுக்கு உண்டா? எக்ஸாம் ஃபீஸ் கடைசித் தேதிக்கும் பஸ் ரூட் மாற்றத்துக்கும் நடுவில், ஒரே ஒரு குண்டூசியைப் பிடித்துக்கொண்டு ஒரு தாள் தொங்கும். ‘நாட்டு நலப்பணித் திட்டம், ஏழு நாள் சிறப்பு முகாம். விருப்பமுள்ளவர்கள் பெயர் கொடுக்கவும்.’

பெயர் கொடுக்கிறவர்களில் மூணு வகை உண்டு. ஓ.டி. கிடைக்கும்னு வர்றவங்க. சர்ட்டிஃபிகேட் கிடைக்கும்னு வர்றவங்க. ‘ஃப்ரெண்டு பேர் கொடுத்துட்டான், அவன் இல்லாம ஹாஸ்டல்ல போரடிக்கும்’னு வர்றவங்க. சேவை செய்தே தீருவேன்னு துடிக்கிற நாலாவது வகையும் இருக்கு பாஸ். ஆனா, ஐம்பது பேருக்கு ரெண்டு பேர் தேறினா அதிகம்.

நீங்க எந்த வகையா இருந்தாலும் சரி, பேர் கொடுத்துடுங்க. ஏன்னு கேட்டா, அதைச் சொல்றதுக்கு உங்களை வேதாரண்யம் வரைக்கும் கூட்டிட்டுப் போகணும். கிளம்பலாமா?

ரயில் முடியும் இடம்!

நாகப்பட்டினத்தில் இருந்து வேளாங்கண்ணி வழியாகப் பஸ் இருக்கிறது. ஆனால், கூட்டமாகப் போகிறீர்கள் என்றால் என் ஓட்டு ரயிலுக்குத்தான். திருத்துறைப்பூண்டியில் ஏறினால் அகஸ்தியம்பள்ளி வரைக்கும் 37 கிலோமீட்டர். ஒரு காலத்தில் மீட்டர்கேஜ் ரயில் ஓடிய பாதை. அகலப்பாதையாக மாற்றி 2023 ஏப்ரலில்தான் மறுபடி திறந்தார்கள். சர்வீஸ் கம்மி, அதனால் நேரம் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.

ஜன்னல் சீட் பிடித்துவிட்டீர்களா? முதலில் வயல் வரும். அப்புறம் தென்னை, மா, முல்லைக் கொல்லை. ஊர் பெயர்களைக் கவனியுங்கள்: கருப்பம்புலம், ஆயக்காரன்புலம் என்று ‘புலம் புலமாக’ வரும். கொஞ்ச நேரத்தில் காற்றின் ருசி மாறும். உதட்டை நாக்கால் தொட்டுப் பாருங்கள், உப்புக் கரிக்கும். வேதாரண்யம் வந்தாச்சு!

ரயில் முடிகிற அகஸ்தியம்பள்ளியில் இறங்கினால், கண்ணுக்கு எட்டின தூரம் வரைக்கும் உப்பளம். தமிழ்நாட்டில் தூத்துக்குடிக்கு அடுத்தபடியாக உப்பு விளைவது இங்கேதான். நீங்கள் கெமிக்கல் டிபார்ட்மென்ட்டா? அப்படியானால் இது உங்கள் லேப். உப்புத்தண்ணீரைப் பெரிய பாத்தியில் தேக்குகிறார்கள். வெயிலில் வற்ற வற்ற அடுத்த பாத்திக்கு மாற்றுகிறார்கள். தண்ணீர் கெட்டியாகிக்கொண்டே போய், கடைசிப் பாத்தியில் உப்பு படிகிறது. நீண்ட கைப்பிடி வைத்த பலகையால் அதை வாரிக் கரையில் குவிக்கிறார்கள். மெஷின், எனர்ஜி, எல்லாமே சூரியன்தான். ஆனால், அந்த வெயிலில் வெறுங்காலோடு நிற்கிறவர்களின் பாதத்தைப் பார்த்துவிட்டால், அடுத்த தடவை மெஸ்ஸில் ‘சாம்பார்ல உப்பு இல்ல’ என்று கத்தும்போது குரல் கொஞ்சம் இறங்கும்.

மரத்தில் தொங்கிய சோறு!

இந்த ஊருக்கு வாலன்டியர்கள் புதுசு இல்லை. 1930 ஏப்ரல் 13-ம் தேதி ராஜாஜி தலைமையில் திருச்சியில் இருந்து சுமார் நூறு தொண்டர்கள் உப்பு எடுக்கக் கிளம்பினார்கள். ஏறக்குறைய 150 மைல். மொத்தமும் நடை. கிளம்பும்போது பாடிக்கொண்டு போக நாமக்கல் கவிஞர் பாட்டே எழுதிக் கொடுத்தார்.

அப்போது தஞ்சாவூர் கலெக்டர் தார்ன். ‘இவங்களுக்குச் சோறு போட்டாலோ, தங்க இடம் கொடுத்தாலோ ஜெயில்’ என்று உத்தரவு போட்டார். ஜனங்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? சோற்றுப் பொட்டலங்களைக் கட்டிச் சாலையோர மரக்கிளைகளில் தொங்கவிட்டார்கள். யார் போட்டது என்று கேட்டால் மரத்தைத்தான் கைது செய்ய வேண்டும்! 28-ம் தேதி படை வேதாரண்யம் வந்தது. 30-ம் தேதி ராஜாஜி உப்பு அள்ளினார், கைதானார். ஊரில் இவர்களுக்கு எல்லா ஏற்பாடும் செய்த வேதரத்தினம் பிள்ளையும் ஜெயிலுக்குப் போனார், சொத்தை இழந்தார். அவரைத்தான் சர்தார் என்கிறார்கள்.

இன்னொரு கதையும் இங்கே எல்லோருக்கும் தெரியும். முடிதிருத்தும் தொழிலாளி வைரப்பன், ஒருவருக்குச் சவரம் செய்துகொண்டிருக்கிறார். பாதியில் அவர் போலீஸ்காரர் என்று தெரிகிறது. கத்தியைக் கீழே வைத்துவிட்டார். மீதியை முடிக்க மாட்டேன் என்று கோர்ட்டிலும் சொல்லி, ஜெயிலுக்கும் போனார். மேடை, மைக் எதுவும் இல்லை. தன் கையில் இருந்த வேலையை வைத்தே தன் பங்கைச் செய்துவிட்டார் மனிதர்.

அகஸ்தியம்பள்ளி நினைவுத்தூண் பக்கத்தில் நின்று இந்தக் கதைகளை எல்லாம் கேட்டபோது, எங்கள் கூட்டத்தில் ஒருத்தன் மெதுவாகக் கேட்டான். “மச்சி, அவங்களுக்கெல்லாம் ஓ.டி. கிடைச்சிருக்குமா?”

இனி எங்கள் முகாமுக்கு வருவோம்.

ஐம்பது போன், ரெண்டு ப்ளக் பாயின்ட்!

2024 செப்டம்பர் 24-ம் தேதி முகாம் ஆரம்பித்தது. அன்றைக்குத்தான் என்.எஸ்.எஸ். தினமும். காந்தி நூற்றாண்டை ஒட்டி 1969-ம் வருஷம் அதே தேதியில்தான் 37 பல்கலைக்கழகங்களில் 40,000 மாணவர்களோடு என்.எஸ்.எஸ். தொடங்கியது. வேதாரண்யம் பக்கத்தில் ஒரு கிராமத்துப் பள்ளிக்கூடம்தான் எங்கள் ஏழு நாள் வீடு. இரண்டு வகுப்பறை பையன்களுக்கு, இரண்டு வகுப்பறை பெண்களுக்கு. வராந்தா கிச்சன்.

ஒரு இன்ஜினீயரிங் காலேஜில் எத்தனை ஜாதி இருக்கிறது என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. நான் சொல்றது டிபார்ட்மென்ட் ஜாதி! மெக் பசங்க சிவில் பசங்களோட மட்டும்தான் சேர்வாங்க. ஐ.டி. தனித்தீவு. ஹாஸ்டலுக்கும் டே ஸ்காலருக்கும் நடுவில் ஒரு அட்லான்டிக் பெருங்கடல். ரெண்டு வருஷம் ஒரே கேன்டீனில் டீ குடித்தும் பேர் தெரியாது. அதனால் முதல் நாள் எல்லோரையும் டிபார்ட்மென்ட் பெயர் சொல்லித்தான் கூப்பிட்டோம். “ஏய் மெக், அந்த வாளியை எடு.” “சிவில் அக்கா, டார்ச் எங்க?” அந்தப் பேரே நிலைத்துவிட்டது. இந்தக் கட்டுரையிலும் அப்படியே வைத்துக்கொள்கிறேன்.

முதல் ராத்திரி பிரச்னை என்ன தெரியுமா? பள்ளிக்கூடத்தில் வேலை செய்கிற ப்ளக் பாயின்ட் ரெண்டே ரெண்டு. போன் ஐம்பது. ஒரு பெரிய வார்த்தைப் போர் நடந்து, கடைசியில் இ.சி.இ. ஒரு ஷெட்யூல் போட்டாள். ஆளுக்கு முக்கால் மணி நேரம். ராத்திரி ஷிஃப்ட்காரர்கள் எழுந்து மாற்ற வேண்டும். மூணாவது நாள் ஒரு அதிசயம் நடந்தது. ராத்திரி ரெண்டு மணிக்கு முழித்தவன் தன் போனை எடுத்துவிட்டு, தூங்கிக்கொண்டிருந்த அடுத்தவன் போனைத் தேடி எடுத்துச் சொருகிவிட்டுப் படுத்தான். யாரும் சொல்லவில்லை. ஷெட்யூல் பேப்பர் அன்றைக்கே கிழிந்து போனது, மறுபடி ஒட்டத் தேவைப்படவில்லை.

நட்பு எங்கே ஆரம்பிக்கும் என்று நீங்கள் நினைக்கிறீர்கள்? டூர் பஸ்ஸிலா, கல்ச்சுரல்ஸிலா? என் அனுபவத்தில் அது வெங்காயம் உரிக்கும்போது ஆரம்பிக்கிறது. ஐம்பது பேர் சாம்பாருக்கு நாலு பேர் சுற்றி உட்கார்ந்து உரிக்கும்போது எல்லோருக்கும் கண்ணில் தண்ணீர் வரும். அந்தச் சாக்கில் நிஜமாகவே அழுதுகொள்ளலாம், யாருக்கும் தெரியாது. அப்பாவுக்கு வேலை போன கதை, அரியர் கதை, சொல்லாமல் விட்ட காதல் கதை எல்லாமே வெங்காயத்தோடு உரிந்து வந்தது.

அமெரிக்கக் கல்லூரிகளில் இதற்கென்றே ஒரு அமைப்பு இருக்கிறது. ஆல்பா ஃபை ஒமேகா என்று பேர். 1925-ல் பென்சில்வேனியாவில் லஃபாயெட் கல்லூரி மாணவர் ஃபிராங்க் ரீட் ஹார்ட்டன் சாரணர் இயக்கக் கொள்கைகளை வைத்து நண்பர்களோடு ஆரம்பித்தது. அதை ‘ஃப்ரெட்டர்னிட்டி’ என்கிறார்கள், சகோதரக் கூட்டம் என்று அர்த்தம். 1976-ல் பெண்களையும் முழு உறுப்பினர்களாகச் சேர்த்துக்கொண்டார்கள். அவர்களின் மூன்று கொள்கைகள்: தலைமை, நட்பு, சேவை. நட்பை சேவைக்குப் பக்கத்திலேயே வைத்திருக்கிறார்கள் பாருங்கள்! நம் என்.எஸ்.எஸ்-ஸுக்கு ‘எனக்காக அல்ல, உனக்காக’ என்ற ஒரே வரிதான். நட்பு அதில் எழுதப்படவில்லை. ஆனால், முகாமுக்குப் போனால் இலவச இணைப்பாகக் கிடைக்கும் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். இணைப்பு இல்லை, அதுதான் மெயின் புத்தகம் என்று புரிய வைத்தவர், அந்த ஊர் அப்பாயி ஒருத்தர்.

“போட்டோ எடுத்தாச்சுல்ல... கெளம்புங்க!”

எங்கள் பேனரில் பெரிய எழுத்தில் போட்டிருந்தது: ‘300 மரக்கன்றுகள் நடும் விழா’. இரண்டாம் நாள் காலை, மண்வெட்டி சகிதம் குளத்தங்கரைக்கு அணிவகுத்தோம். கரையில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த அப்பாயி எங்களை மேலும் கீழும் பார்த்தார்.

“என்ன புள்ளைங்களா, கன்னு நடப் போறீங்களா?”

“ஆமா அப்பாயி!”

“முன்னாடியும் ஒரு காலேசுல இருந்து வந்து நட்டாங்க. வரிசையா நின்னு போட்டோ எடுத்தாங்க. சாயங்காலம் வண்டி ஏறிட்டாங்க. மறுநாள் என் ஆடு ரெண்டும் வயிறு முட்டத் தின்னுச்சு.” சிரித்துக்கொண்டேதான் சொன்னார். “நீங்களும் நடுங்க. ஆட்டுக்குத் தீனி கெடைக்கும்.”

எங்களில் ஒருத்தருக்கும் பேச்சு வரவில்லை. அன்றைக்கு மண்வெட்டிகள் வேலை செய்ததைவிட வாய்கள் வேலை செய்ததுதான் அதிகம். ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் வட்டமாக உட்கார்ந்தோம். பி.ஓ. சார், “முடிவு உங்களோடது” என்று சொல்லிவிட்டு ஓரமாக நாற்காலியில் சாய்ந்துவிட்டார்.

மெக் சொன்னான்: “பேனர்ல 300-ன்னு போட்டாச்சு. ரிப்போர்ட்ல 300 காட்டணும். நட்டுட்டுப் போவோம், பொழச்சா பொழைக்கட்டும்.”

ஐ.டி. எகிறினாள்: “பொழைக்காதுன்னு தெரிஞ்சே நடறதுக்குப் பேரு சேவையா? அதுக்குப் பேனரையே நட்டுட்டுப் போகலாம்!”

சண்டை சூடு பிடித்தது. ‘ஏழு நாள்ல ஒரு ஊருக்கு என்னதான் செஞ்சிட முடியும்?’ என்ற கேள்வியில் வந்து முட்டி நின்றது. நீங்களும் கேட்டிருப்பீர்கள் இந்தக் கேள்வியை. என்.எஸ்.எஸ். கேம்ப் என்றால் புல் பிடுங்கி, கோலமாவு போட்டு, கலெக்டர் வந்தால் கை தட்டுவது என்று கிண்டலடிக்கிற நண்பர்கள் உங்களுக்கும் இருப்பார்கள். அந்தக் கிண்டலில் பாதி உண்மை இருப்பதுதான் பிரச்னை.

அப்போதுதான் டிரிபிள்-ஈ பேசினான். அவன் பேசி நாங்கள் அதுவரை கேட்டதே இல்லை. ஒல்லியான பையன், கடைசி பெஞ்ச். அவன் இந்தப் பக்கத்துக்காரன் என்பதே அன்றைக்குத்தான் தெரியும்.

கேரம் ஆடிய அண்ணன்!

2018 நவம்பர் 16. கஜா புயல் நாகைக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவே விடிவதற்கு முன் கரையைக் கடந்த நாள். தென்னை மட்டும் லட்சக்கணக்கில் சாய்ந்தது. மா, முந்திரி எல்லாம் வேரோடு போனது. உப்பளத்தில் சேறு ஏறியது. நாள் கணக்கில் கரன்ட் இல்லை. இதெல்லாம் நியூஸில் நீங்கள் பார்த்தது.

அப்போது டிரிபிள்-ஈ எட்டாம் வகுப்பு. “எங்க வீட்டு ஓடு மொத்தமும் போயிடுச்சு. பள்ளிக்கூடத்துலதான் தங்கியிருந்தோம். எங்கேர்ந்தோ காலேஜ் அண்ணனுங்க வேன்ல வந்தாங்க. பிரெட்டு, போர்வை, மெழுகுவத்தி எல்லாம் கொடுத்தாங்களாம். அம்மா சொல்லும். எனக்கு அது ஒண்ணும் ஞாபகம் இல்ல. ஒரு அண்ணன் என்கூட உக்காந்து கேரம் ஆடினாரு. ஒடைஞ்ச போர்டு, காயின் பாதிதான் இருந்துச்சு. பட்டன வெச்சு ஆடினோம். அவர் மூணு கேம் வேணும்னே தோத்தாரு. அதான் ஞாபகம் இருக்கு.”

யாரும் பேசவில்லை.

“கெளம்பறப்போ ‘மறுபடி வர்றேன்டா’ன்னு சொன்னாரு. ரோட்டுல வேன் சத்தம் கேக்கறப்பல்லாம் ஓடிப் போய்ப் பார்ப்பேன். பொங்கல் வரைக்கும் பார்த்தேன்.” கொஞ்சம் நிறுத்தினான். “அவர் மேல கோவம் எல்லாம் இல்ல. அவர் வந்ததாலதான் நான் என்.எஸ்.எஸ்ல சேர்ந்தேன். ஆனா, வர மாட்டோம்னா வர்றேன்னு சொல்லாதீங்க. அவ்வளவுதான்.”

அந்த ராத்திரி பேனர் சண்டை அதோடு முடிந்தது. மெக் எழுந்து போய் டிரிபிள்-ஈ பக்கத்தில் உட்கார்ந்தான். ஒன்றும் சொல்லவில்லை. தன் போர்வையில் பாதியைத் தள்ளிவிட்டான்.

பனை வெச்சவன்...

மறுநாள் காலை அப்பாயியிடமே போய்க் கேட்டோம். “ஆடு தின்னாத மரம் எது அப்பாயி?”

“பனங்கொட்டைய நடுங்கடா. ஆடும் தொடாது, தண்ணியும் ஊத்த வேணாம். கஜாவுல தென்னை எல்லாம் படுத்துச்சு. பனை நின்னுச்சு பாத்தீங்கல்ல?”

நிமிர்ந்து பார்த்தோம். குளத்துக்கு அந்தப் பக்கம் நாலைந்து பனை, ஒன்றுமே நடக்காத மாதிரி நின்றுகொண்டிருந்தது. தமிழ்நாட்டின் மாநில மரம் எது என்று குரூப் ஃபோர் புக்கில் மனப்பாடம் செய்திருக்கிறோம். அது எதற்கு உதவும் என்று இங்கேதான் தெரிந்தது.

செப்டம்பர் பனம்பழம் விழுகிற காலம். ஊர்ப் பையன்கள் வழிகாட்ட, மூணு நாள் பனங்கொட்டை பொறுக்கினோம். ஒரு பழத்துக்கு மூணு கொட்டை வரைக்கும் இருக்கும். குளத்தங்கரையில் பத்தடிக்கு ஒன்று, ஒரு அடி ஆழத்தில் குழி. அவ்வளவுதான் டெக்னாலஜி. மழை வந்தால் மீதியை அது பார்த்துக்கொள்ளும். கொட்டை முதலில் மண்ணுக்குக் கீழேதான் முளை விடும். அந்த முளைதான் நாம் பொங்கலுக்கு அவித்துத் தின்கிற பனங்கிழங்கு. தோண்டாமல் விட்டால், பல மாதம் கழித்து ஒற்றை ஓலை மேலே எட்டிப் பார்க்கும். காய்க்கப் பத்துப் பதினைந்து வருஷத்துக்கு மேல் ஆகும்.

‘தென்னை வெச்சவன் தின்னுட்டுச் சாவான், பனை வெச்சவன் பாத்துட்டுச் சாவான்’ என்று ஒரு பழமொழி உண்டு. அப்பாயி அதைச் சொன்னதும் ஐ.டி. கேட்டாள், “அப்போ நாம பாத்துட்டாவது சாவோமா?” சிவில் அக்கா சொன்னாள், “பாக்கணும்னா வரணும்ல?”

வாங்கி வந்த மரக்கன்றுகளையும் வீணாக்கவில்லை. ‘யார் வீட்டில் தண்ணீர் ஊற்றுவீர்கள்?’ என்று வீடு வீடாகக் கேட்டோம். நாற்பது வீடு சம்மதித்தது. நாற்பது கன்று மட்டும், அந்தந்த வீட்டு வாசலில், அந்த வீட்டுக் குழந்தை கையால் நட்டது. சுற்றிலும் கருவேல முள்வேலி. மிச்சக் கன்றுகளைப் பி.ஓ. சார் நர்சரிக்கே திருப்பிக் கொடுத்துவிட்டார். ரிப்போர்ட்டில் 300 என்ற இடத்தில் 40 என்று எழுதியது மெக்தான். அவன் கையெழுத்து அன்றைக்கு மட்டும் முத்து முத்தாக இருந்தது!

முள்வேலி கட்டியதில் முள் குத்தாத கையே இல்லை. ஐந்தாம் நாள் இ.சி.இ-க்கு நல்ல காய்ச்சல். சிவில் அக்கா ராத்திரி முழுக்கப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். ரெண்டு பேரும் ஒரே பஸ்ஸில் ரெண்டு வருஷம் வந்துபோனவர்கள். அதுவரை ஒரு ‘ஹாய்’ கூட சொன்னதில்லை. விஷயம் கேள்விப்பட்ட ஊர்க்காரர்கள் காலையில் கஞ்சி, ரசம், இளநீர் என்று ஆளாளுக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். 1930-ல் மரத்தில் தொங்கிய சோறு ஞாபகம் வந்தது. இந்த ஊர் தொண்டர்களைப் பட்டினி போட்டதாகச் சரித்திரமே இல்லை போல!

மான் பாருங்கள், மரியாதையாகப் பாருங்கள்!

ஆறாம் நாள் ஞாயிற்றுக்கிழமை, கோடியக்கரை. வேதாரண்யத்தில் இருந்து கோடியக்காடு வழியாகப் போகிற சாலையில் ரெண்டு பக்கமும் காடு நெருங்கி வரும். 1967-ல் சரணாலயமாக அறிவித்தது. 2002-ல் ராம்சார் பட்டியலிலும் சேர்ந்தது. அதாவது, உலக அளவில் முக்கியமான ஈரநிலம். வெளிமான் கூட்டத்தை இங்கே புல்வெளியில் சுதந்திரமாகப் பார்க்கலாம். ஆண் மானுக்கு முறுக்கிய கொம்பு, கறுப்புக் கோட்டு. கல்யாண வீட்டு மாப்பிள்ளை தோற்றுவிடுவார். சொந்தக்காரர் யாரும் இல்லாத காட்டுக் குதிரைகளும் திரியும். பூநாரை பார்க்க ஆசையா? மழைக்காலம் தொடங்கிய பிறகு வாருங்கள். நாங்கள் போனபோது ‘அட்வான்ஸ் பார்ட்டி’யாகச் சின்னப் பறவைகள் மட்டும்தான் வந்திருந்தன.

‘பொன்னியின் செல்வன்’ படித்தவர்களுக்கு இது பூங்குழலி படகு விட்ட கரை. சோழர் காலத்துக் கலங்கரை விளக்கம் ஒன்று இருந்தது. 2004 சுனாமி அதைச் சாய்த்துவிட்டது. மிச்சத்தைப் பார்க்கும்போது, இந்தக் கரை எத்தனை அடி வாங்கியிருக்கிறது என்று தோன்றும். சுனாமி, கஜா... ஆனாலும் மறுநாள் படகு இறங்குகிறது, பாத்தியில் உப்பு விளைகிறது.

வனத்துறை அனுமதியோடு சாலையோரம் பிளாஸ்டிக் பொறுக்கினோம். மான் வயிற்றுக்குள் போகவேண்டிய சிப்ஸ் கவர்கள் பதினோரு மூட்டை. போட்டதில் நம்ம வயசுக்காரர்கள்தான் அதிகம் என்று கவரின் பிராண்டைப் பார்த்தாலே தெரியும். நீங்கள் போனால் தயவுசெய்து பன்னிரண்டாவது மூட்டையை உருவாக்காதீர்கள்.

பொங்கலுக்கு ஒரு பஸ்!

கடைசி நாள் விழாவில் மைக் பிடித்த யாருமே ‘மறுபடி வருவோம்’ என்று சொல்லவில்லை. டிரிபிள்-ஈ முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தான். எங்கள் எல்லோருக்கும் அவன் முகம் தெரிந்தது. “நன்றி, சாப்பாடு பிரமாதம்” என்று முடித்துக்கொண்டோம்.

2025 ஜனவரி, பொங்கல் லீவ். வாட்ஸ்அப்பில் மெக் ஒரே ஒரு வரி போட்டான்: ‘வேதாரண்யம் போறேன். யார் வர்றா?’ ஓ.டி. கிடையாது. சர்ட்டிஃபிகேட் கிடையாது. ஐம்பது பேரில் ஒன்பது பேர் போனோம். சொந்தக் காசில் டிக்கெட்.

நாற்பது வீட்டுக்கும் போனோம். முப்பத்தொரு கன்று உயிரோடு இருந்தது. ஒரு வீட்டில் குட்டிப் பெண் தன் கன்றுக்குச் சந்தனம் குங்குமம் வைத்துப் பொங்கல் படைத்திருந்தாள். செத்துப்போன ஒன்பதுக்கும் காரணம் கேட்டு எழுதிக்கொண்டோம். நாலு தண்ணீர் தேங்கி அழுகியது. மூணு மாடு மிதித்தது. ரெண்டு வீட்டில் வேலைக்காக வெளியூர் போய்விட்டார்கள். அடுத்த பேட்ச்சுக்கு அந்தத் தாள்தான் நாங்கள் கொடுக்கும் கைடு.

குளத்தங்கரையில்? ஒன்றுமே தெரியவில்லை. வெறும் மண். மெக் முகம் தொங்கிப் போனது. அப்பாயி ஒரு தட்டு நிறைய அவித்த பனங்கிழங்கைக் கொண்டுவந்து வைத்தார்.

“அய்யோ அப்பாயி, நாங்க நட்டதா?”

“ஆமாம், ஒங்களதத் தோண்டித்தான் ஒங்களுக்கே போடறேன்!” என்று முறைத்தார். “இது சந்தையில வாங்குனது. ஒங்களது அப்படியே கெடக்கு. ஒருத்தனையும் தொட விடல. சும்மா மேல பாக்காதீங்க. எல்லாம் கீழ நடக்குது.”

அப்புறம் டிரிபிள்-ஈ பக்கம் திரும்பி, “இவங்க வந்துட்டாங்க பாத்தியா?” என்றார். அவன் ஒன்றும் பேசாமல் கிழங்கின் நார் உரித்துக்கொண்டிருந்தான். வாய் முழுக்கச் சிரிப்பு.

ஏழு நாளில் ஒரு ஊருக்கு என்ன செய்துவிட முடியும்? நியாயமான கேள்வி. பதில்: கொஞ்சம்தான். ஆனால், எட்டாவது நாள் என்று ஒன்று இருக்கிறது. தனி ஆளாக அதற்குப் போக மாட்டீர்கள். சோம்பலாக இருக்கும், பரீட்சை வரும், வீட்டில் விட மாட்டார்கள். ‘யார் வர்றா?’ என்று கேட்க ஒரு மெக்கும், ‘நான் வர்றேன்’ என்று சொல்ல எட்டுப் பேரும் இருந்தால் போவீர்கள். நட்பு சேவைக்குக் கிடைக்கிற போனஸ் இல்லை பாஸ், அடுத்த பஸ்ஸுக்கு அதுதான் டிக்கெட்!

பேர் கொடுக்கப் போறீங்களா? இதைப் படிங்க!

* என்.எஸ்.எஸ்ஸில் வருஷத்துக்கு 120 மணி நேரம், ரெண்டு வருஷத்துக்கு 240 மணி நேரம் வேலை. கூடவே ஒரு ஏழு நாள் முகாம். செமஸ்டர் ஆரம்பத்திலேயே உங்கள் திட்ட அலுவலரைப் பிடியுங்கள்.

* பேட்ஜில் இருக்கிற சக்கரம் கோனார்க் சூரியக் கோயில் தேர்ச்சக்கரம். எட்டு ஆரமும் எட்டு ஜாமம். 24 மணி நேரமும் தயாராக இருக்க வேண்டும் என்று அர்த்தம். காலை அஞ்சு மணி விசிலுக்கு எழுந்திருக்காதவர்கள் கவனிக்கவும்!

* பையில் வைக்க வேண்டியவை: தொப்பி, முழுக்கை சட்டை, டார்ச், கொசுவத்தி, முள் எடுக்க ஊசி, எக்ஸ்டென்ஷன் பாக்ஸ். கடைசி ஐட்டத்துக்கு உங்களுக்குச் சிலை வைப்பார்கள்.

* என்ன நடலாம், என்ன கட்டலாம் என்று போஸ்டர் அடிப்பதற்கு முன்னால் ஊரில் ஆடு மேய்க்கிறவரிடம் கேளுங்கள்.

* ஒரு கேரம் போர்டு எடுத்துப் போங்கள். வேணும்னே தோற்கப் பழகிக்கொள்ளுங்கள்.

* ‘மறுபடி வர்றேன்’ என்று சொல்லாதீர்கள். போய் நில்லுங்கள்!